கையெழுத்துக்கு முன்னரே கேட்போம்

விண்வெளியைப் பற்றி எழுத ஓர் அரசியற் பத்திரிகைக்கு என்ன வேலை என்று வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். மழை எப்பொழுது வரும், வெள்ளம் எந்த வழியாற் பாயும், எந்தக் குளத்தின் அணை எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விகளுக்கு இன்று விடை சொல்ல உதவுவன வானிலே சுற்றும் செய்மதிகளே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கி 600-க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்துச் சென்றது. அதன் பின்னரும் விண்வெளி என்பது பணம் படைத்த நாடுகளின் விளையாட்டு என்று சொல்வோர் இருப்பாராயின், அவர்களோடு வாதாட நாம் விரும்பவில்லை.

நாம் இங்கு எழுதப் புகுவது செய்மதியைப் பற்றியன்று. செய்மதியின் பயனை நம்மிடம் கொண்டுவரும் பணத்தைப் பற்றியது. அப்பணத்திற் பெரும்பகுதி பிற நாட்டு அரசாங்கங்களின் மானியமாக வருகின்றது. ‘சர்வதேசக் கூட்டு முயற்சி’ என்று பெயரிட்டு அவ்வரசாங்கங்கள் விண்ணப்பம் கோருகின்றன. விண்ணப்பத்தில் வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவரின் பெயர் இருத்தல் வேண்டும். அந்த இடத்தை நிரப்ப நம் போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களும் திணைக்களங்களும் அழைக்கப்படுகின்றன. அழைப்பு வரும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இதுவே இன்றைய கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எமது அலுவலகத்துக்கு இருவர் வந்தனர். ஒருவர் நீர்ப்பாசனப் பணியிலிருந்து இளைப்பாறிய பொறியியலாளர். மற்றவர் இளம் விரிவுரையாளர். வெளிநாட்டுக் கம்பனியொன்று தன் அரசாங்கத்திடம் மானியம் கேட்டு விண்ணப்பிக்கின்றது. அதற்கு ஓர் ஆதரவுக் கடிதம் வேண்டுமாம். திங்கட்கிழமைக்கு முன் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டுமாம். கடிதத்தையும் கம்பனியே எழுதி அனுப்பியிருந்தது. “முழு விண்ணப்பத்தையும் பார்த்தீர்களா?” என்று கேட்டோம். “இந்த ஒரு பக்கந்தான் வந்தது, ஐயா” என்றார் விரிவுரையாளர்.

மூன்று வசனங்களை அக்கடிதத்திற் சேர்க்கும்படி சொன்னோம். சேர்ப்பதற்கு நேரமில்லை, விண்ணப்பம் பிந்திவிடும் என்று மறுநாளே பதில் வந்தது. கடிதம் வந்தபடியே போயிற்று. மானியமும் கிடைத்தது. இரண்டு மாரி காலம் அப்பெரியவர் குளக்கட்டுகளில் ஏறி இறங்கி, கமக்கார அமைப்புகளிடமிருந்த பழைய நீர்மட்ட ஏடுகளையும் சேர்த்து, இலக்கம் இலக்கமாக அனுப்பிக்கொடுத்தார். செய்மதிப் படமும் அவருடைய இலக்கங்களும் பொருந்தி, வெள்ளம் எங்கே ஏறும் என்று முன்கூட்டியே காட்டும் படமொன்று உருவாயிற்று. மூன்றாம் மாரி தொடங்குமுன் மானியம் முடிந்தது. மழை பிடித்த அன்று படத்தைத் திறக்க முயன்றபோது கடவுச்சொல் செல்லவில்லை. சந்தா செலுத்தினால் திறக்கலாம் என்று கம்பனி எழுதிற்று. தம் கையால் எழுதிய நீர்மட்டத்தைத் தாமே பார்க்க அப்பெரியவருக்கு அனுமதியில்லாமற் போயிற்று.

இதிலே மோசடி எதுவும் இல்லை என்பதை நாம் முதலிற் சொல்லிவிட வேண்டும். கம்பனி தன் ஒப்பந்தப்படியே நடந்தது. அந்த ஒப்பந்தத்தில் நம்மவர் பெயர் கூட்டாளி என்று இருந்தது. உரிமை என்று ஒரு சொல்லும் இருக்கவில்லை. காணி உறுதி முடிக்கும்போது நான்கு எல்லையையும் வாசித்துக் கேளாமற் கையெழுத்து வைப்பவனை ஊர் என்ன சொல்லும்? காணிக்கு நாம் காட்டும் இந்தச் சிறு கவனத்தை விண்வெளிக்குக் காட்டத் தவறுகின்றோம்.

பிரித்தானியாவின் பாடம்

ஒரு கம்பனியின் கதையை வைத்துக்கொண்டு பொதுவிதி செய்வது நியாயமன்று. ஆகவே உலகறிந்த திட்டமொன்றை எடுத்துக்கொள்வோம்.

ஐக்கிய இராச்சியத்தின் விண்வெளி முகவரகம் 2016-இல் சர்வதேசக் கூட்டு முயற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. ஐந்து ஆண்டுகளுக்கு 15 கோடி 20 இலட்சம் பவுண் ஒதுக்கப்பட்டது. அப்பணம் 150 கோடிப் பவுண் கொண்ட உலகச் சவால்கள் ஆராய்ச்சி நிதியிலிருந்து, அதாவது வெளிநாட்டு உதவிக் கணக்கிலிருந்து வந்தது. பிரித்தானியாவின் விண்வெளித் திறமையை வளர்முக நாடுகளின் பயிர், காடு, கடல், வெள்ளம் முதலியவற்றுக்குப் பயன்படச் செய்வதே நோக்கம். உதவி பெறத் தகுந்த நாடுகளின் பட்டியலில் இலங்கையும் உள்ளதாகையால், இத்தகைய திட்டங்கள் நமக்கும் உரியனவே.

இத்திட்டத்தால் விளைந்த நன்மையை நாம் மறைக்கமாட்டோம். கென்யா, கானா, சாம்பியா ஆகிய நாடுகளிற் பயிர்ப் பூச்சிகள் எப்பொழுது பெருகும் என்பதை முன்னறிவிக்கும் சேவையொன்று இப்பணத்தால் அமைக்கப்பட்டது. செய்மதி தரும் வெப்பநிலைத் தரவு ஒரு பக்கம். கிராமத்து விவசாயி தன் நோயுற்ற பயிரைக் கொண்டுவந்து காட்டும் பயிர்ச் சிகிச்சை நிலையத்தின் பதிவுகள் மறு பக்கம். இரண்டும் சேர்ந்தே அந்த முன்னறிவித்தல் பிறந்தது. பிஜி, சொலமன் தீவுகள், வனுவாத்து ஆகிய மூன்று தீவு நாடுகளுக்கு ஐக்கிய நாடுகள் தாபனத்தின் செய்மதி நிலையம் முன்னின்று நடத்திய முயற்சியும் இவ்வகையினதே. காலநிலை மாற்றத்தின் தீங்கைச் செய்மதித் தரவு கொண்டு நிறுவி, உலக நிதி நிலையங்களிடம் உதவி கேட்கும் ஆற்றலை அத்தீவுகள் பெறுவதற்காக அது வகுக்கப்பட்டது.

பணம் கொடுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவுமில்லை. விண்ணப்பிக்கும் ஸ்தாபனங்கள் தம் பங்குக்கும் முதலிட வேண்டும். தொடக்கத்தில் நிலைமை என்ன, நடுவில் என்ன, முடிவில் என்ன என்று அளந்து காட்ட வேண்டும். மானியம் நின்ற பின்னும் சேவை எவ்வாறு தொடரும் என்பதற்கு வழி சொல்ல வேண்டும். இவை யாவும் நல்ல விதிகள். இவ்விதிகளை வகுத்தவர்களை நாம் பாராட்டுகின்றோம்.

ஆனால் கொடுத்த வாக்கு எவ்வளவு உறுதியானது? இதனைச் சட்டத்தின் கண்ணாற் பார்க்க வேண்டும்.

நாட்டின் மொத்த வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்குச் செலவிட வேண்டுமென்று பிரித்தானியப் பாராளுமன்றம் 2015-இல் சட்டம் இயற்றிற்று. வாசிப்பவர் மனம் குளிரும். அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவுக்கு வந்தால், இக்கடமை தவறினால் மந்திரி பாராளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைப்பதே பரிகாரம் என்றும், கடமை தவறியமையாற் செய்யப்பட்ட எதுவும் சட்ட விரோதமாகாது என்றும் எழுதப்பட்டிருக்கின்றது. முதற் பிரிவு தந்ததை மூன்றாம் பிரிவு நீதிமன்றத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

சோதனைக் காலமும் விரைவில் வந்தது. 2020 நவம்பர் 25-ஆந் திகதி நிதி மந்திரி இவ்வளவை 0.5 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். 2021 மார்ச்சில் அந்நாட்டு ஆராய்ச்சி நிதிகளைப் பகிர்ந்தளிக்கும் தலைமை ஸ்தாபனம், உதவிக் கணக்கில் அடுத்த ஆண்டுக்குத் தனக்குக் கிடைப்பது 12 கோடி 50 இலட்சம் பவுண் என்றும், ஏற்கெனவே கொடுத்த வாக்குகளுக்கு அது 12 கோடிப் பவுண் போதாது என்றும் பல்கலைக்கழகங்களுக்கு எழுதிற்று. சில மானியங்கள் நடுவிலே நிறுத்தப்படலாம் என்ற எச்சரிக்கையும் அதனுடன் சென்றது. 2021 யூலை 13-ஆந் திகதி பொதுமக்கள் சபை, பழைய அளவுக்குத் திரும்புவதற்கான நிபந்தனைகளை 298 வாக்குகளுக்கு எதிராக 333 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. திரும்பும் நாளோ இன்னும் தூரமாயிற்று. 2027-இல் 0.3 சதவீதமாக மேலும் குறைப்பதென 2025 பெப்ரவரியில் அந்நாட்டின் பிரதம மந்திரி அறிவித்தார்.

பிரித்தானிய மக்களின் பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பது பிரித்தானியப் பாராளுமன்றத்தின் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கெடுப்பில் கையுயர்த்த நைரோபியில் இருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் வனுவாத்துவின் அதிகாரிக்கும் இடமில்லை. கூட்டாளிக்கு இலாபத்தில் ஒரு குரல் இல்லாவிட்டாலும், முடிவிலாவது ஒரு குரல் இருக்க வேண்டாமா?

உதவியிலிருந்து வர்த்தகத்துக்கு

2021-இல் அந்த ஐந்தாண்டுத் திட்டத்தின் காலம் முடிந்தது. 2023-இல் அதே முகவரகம் இரு நாட்டுக் கூட்டு முயற்சிக்கென 2 கோடிப் பவுண் கொண்ட புதிய நிதியொன்றை அறிவித்தது. முதற் கட்டத்தில் ஒரு முயற்சிக்கு 75,000 பவுண் வரை. அதில் தேறியவற்றுக்கு அடுத்த கட்டத்திற் பெருந்தொகை. விண்ணப்பத்தை முன்னின்று நடத்துவது பிரித்தானிய ஸ்தாபனமாக இருத்தல் வேண்டும். நோக்கமும் மாறிற்று. இது ஏழை நாட்டுக்கு உதவும் கணக்கன்று. விண்வெளித் துறையில் முன்னேறிய நாடுகளோடு சேர்ந்து பிரித்தானியாவின் கைத்தொழிலை வளர்க்கும் கணக்கு.

இதைக் குறையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நிதிகளின் பெயரிலும் கூட்டு என்ற சொல் இருப்பதைக் கண்டு இரண்டும் ஒன்றென்று மயங்குவோர் ஏமாந்துபோவர். முந்தியது நமது தேவையை அளவுகோலாகக் கொண்டது. பிந்தியது நமது கையில் என்ன இருக்கின்றது என்று கேட்கின்றது.

கையில் ஒன்று இருப்பவர் எவ்வாறு நடத்தப்படுகின்றார் என்பதற்கு அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் சான்று. அவுஸ்திரேலிய அரசாங்கம் இந்தியாவுடனான விண்வெளிக் கூட்டு முயற்சிக்கெனத் தனி மானியம் வகுத்து, 2024-இல் மூன்று அவுஸ்திரேலியக் கம்பனிகளுக்கு 1 கோடி 80 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வழங்கிற்று. அவற்றுள் ஒன்றுக்குக் கிடைத்தது 85 இலட்சம் டொலர். விண்வெளியிற் சிதறிக் கிடக்கும் கழிவுகளைக் குறித்த ஆராய்ச்சிக்கும், அங்குள்ள செய்மதிகளுக்குப் பணிவிடை செய்வதற்குமான ‘மைத்ரி’ என்ற முயற்சிக்கு அது உரியது. அம்மானியமும் அவுஸ்திரேலியக் கம்பனியின் பெயரிலேயே எழுதப்பட்டது. ஆயினும் இந்தியா வெறுங்கையோடு நிற்கவில்லை. அந்த விண்கலத்தை 2026-இல் இந்தியாவின் சிறு செய்மதி றொக்கெற்றில் ஏவுவதென இந்திய அரசாங்கத்தின் வர்த்தக நிலையத்துடன் தனி ஒப்பந்தம் எழுதப்பட்டது. மானியம் அவர்களுக்கு, ஒப்பந்தம் இவர்களுக்கு. இரண்டு பக்கமும் எழுத்து இருக்கின்றது. கூட்டு என்பது இதுவே.

அந்த வகை றொக்கெற்றுக்காகவே நமக்கு எதிர்க்கரையில், தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரபட்டினத்தில் புதிய ஏவுதளமொன்றுக்கு 2024 பெப்ரவரி 28-ஆந் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவும் றொக்கெற், இலங்கையின் மேலாகப் பறவாதவாறு வளைந்து செல்ல வேண்டியிருக்கின்றது. வளைவதால் எரிபொருள் வீணாகின்றது. சுமக்கும் பாரம் குறைகின்றது. சிறிய றொக்கெற்றுக்கு அந்த நட்டம் பெரிது. குலசேகரபட்டினத்திலிருந்தோ தெற்கே நேராகச் செல்லலாம். நமது தீவு எங்கே கிடக்கின்றது என்பது பிறருடைய கணக்கிற் பல ஆண்டுகளாக ஏறியிருக்கின்றது. நமது கணக்கில் நாம் என்ன எழுதியிருக்கின்றோம்?

நமது கையில் இருப்பது

ஒன்றும் எழுதவில்லை என்று சொல்வது நியாயமாகாது. யப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கல்வி நிலையத்தோடு மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையம் சேர்ந்து உழைத்ததன் பயனாக, ‘இராவணா-1’ என்ற சிறு செய்மதி 2019 ஏப்பிரல் 17-ஆந் திகதி அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, யூன் 17-ஆந் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வானில் விடப்பட்டது. ஒரு சாண் நீளமும் இல்லாத பெட்டி. நிறையோ ஒரு கிலோகிராம் அளவு. அதே முயற்சியில் நேபாளத்தின் செய்மதியும் உடன் சென்றது. அத்தகைய சிறு செய்மதி சில ஆண்டுகளுள் காற்று மண்டலத்தில் இறங்கி எரிந்துபோவது இயல்பு. ஆயினும் அதனைத் தம் கையாற் பூட்டிக் கழற்றிச் சோதித்த நம் பொறியியலாளர்களின் அறிவு எரிந்துபோகாது. மானியத்தாலும் கூட்டு முயற்சியாலும் பெறத்தக்க நிலையான ஆதனம் அதுவே.

இரண்டாவது ஆதனம் நமது நிலத்தைப் பற்றிய அறிவு. செய்மதி வானிலிருந்து நீரைக் காணும். அந்நீரின் ஆழம் எவ்வளவு, எந்த வான்கதவு எப்போது திறக்கப்பட்டது, எந்த வயலில் எந்த இன நெல் விதைக்கப்பட்டது என்பவற்றை அது தானாக அறியாது. தரையில் நிற்பவன் சொன்னாலன்றிச் செய்மதிப் படத்தின் சரிபிழை தெரியாது. நமது குளங்களின் ஏடுகளும், மீனவர் சங்கங்களின் கடலறிவும், கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் முதலான இடங்களின் அளவீடுகளும் விலைமதிப்புள்ளவை. இவற்றை நாம் இலவசமாக எழுதிக்கொடுத்துவிட்டு, மேலே படம் பிடிப்பவனை மட்டும் விஞ்ஞானி என்று வணங்குகின்றோம்.

“நிபந்தனை போட்டால் அவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள், கிடைப்பதும் கிடையாது” என்று அனுபவம் மிக்க அதிகாரிகளே எம்மிடம் சொல்லியிருக்கின்றார்கள். இந்த அச்சத்தை நாம் இலேசாக ஒதுக்கமாட்டோம். நாம் ஒரு வேலையைக் கடினமாக்கினால், அயலிலே அதே வேலையை எளிதாக ஏற்றுக்கொள்ளும் நாடு இருக்கலாம். ஆனால் எந்த நேரத்தில் யார் யாருக்குத் தேவை என்பதை அந்த அதிகாரிகள் ஆராயவில்லை.

வெளிநாட்டுக் கூட்டாளி இல்லாவிட்டாற் கூட்டு மானியத்துக்கு விண்ணப்பமே இல்லை. கூட்டாளி மெய்யாகவே இருக்கின்றார் என்பதற்குச் சான்று அவருடைய கடிதம். விண்ணப்பங்கள் புள்ளியிடப்படும்போது பலமான கடிதம் பலமான புள்ளி. கடைசித் திகதி நெருங்க நெருங்க, வேறு நாட்டில் வேறு கூட்டாளியைத் தேடக் கம்பனிக்கு நேரமும் இல்லை. ஆகவே கடிதம் நம் கையில் இருக்கும் வரை கேட்கும் பலம் நம்மிடம் இருக்கின்றது. கடிதம் போன மறுநாள் அப்பலமும் அதனோடு போய்விடுகின்றது. மானியம் கிடைத்த பின் கேட்போம் என்பவர், உறுதி முடித்த பின் விலை பேசப் போகின்றவர்.

நான்கு எல்லைகள்

அப்படியாயின் எதைக் கேட்பது? முழு விண்ணப்பத்தையும் வரவு செலவுக் கணக்கோடு பார்க்காமல் எவரும் ஒப்பமிடலாகாது. இது வாசற்படி. அதைத் தாண்டிய பின் நான்கு எல்லைகளையும் எழுத்தில் இட வேண்டும்.

முதலாவது, பணம். நம்மவர் செய்யும் வேலைக்குரிய பங்கு நம் ஸ்தாபனத்தின் கணக்குக்கு நேரே வருதல் வேண்டும். இவ்வகை மானியங்களிற் செலவு செய்த பின் கணக்குக் காட்டிப் பெறுவதே பெரும்பாலும் வழக்கம். பெருங்கம்பனி மூன்று மாதம் பொறுக்கும். நமது சிறு ஆய்வுகூடம் மூன்று வாரமும் பொறாது. முற்பணம் கொடுப்பது அரசாங்கத்தின் விதிக்கு ஒவ்வாதாயின், அதை முன்னின்று நடத்தும் கம்பனி தன் கையிலிருந்து கொடுக்கட்டும்.

இரண்டாவது, தரவு. தரையில் அளந்தது அளந்தவருக்கே சொந்தம். முயற்சி நடக்கும் காலத்துக்கு, அம்முயற்சிக்கு மட்டும், பயன்படுத்த அனுமதி கொடுக்கலாம். நம் தரவிலிருந்து பிறக்கும் படங்களிலும் அட்டவணைகளிலும் ஒரு முழுப் பிரதி இந்நாட்டில், நம் கணினியில், நம் திறப்போடு இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, முடிவு. கொடுக்கும் அரசாங்கம் நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? எத்தனை நாள் முன்னறிவித்தல்? அதுவரை செய்த வேலைக்கு ஊதியம் யார் கொடுப்பது? மென்பொருளும் கடவுச்சொற்களும் யாரிடம் கையளிக்கப்படும்? நடத்தத் தெரிந்த நம்மவர் எத்தனை பேர் அதற்குள் பயிற்றப்பட்டிருப்பர்? 2021-இன் பாடத்தை அறிந்த பின்னரும் இந்தக் கேள்விகளைக் கேளாதிருப்பது அறியாமை ஆகாது, அசட்டை ஆகும்.

நான்காவது, பொறுப்பு. இது பலர் காணாத எல்லை. 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் ஆறாம் உறுப்புரைப்படி, தனியார் ஸ்தாபனங்களின் விண்வெளிச் செயல்களுக்கும் அவற்றின் அரசே உலகின் முன் பொறுப்பு. 1972-ஆம் ஆண்டு நட்டஈட்டு உடன்படிக்கையோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. ஏவும் நாடு மட்டுமன்றி, ஏவுவிக்கும் நாடும் ஏவிய நாடாகவே கருதப்படும். விழுந்த துண்டு தரையில் விளைக்கும் நட்டத்துக்குக் குற்றம் நிறுவாமலே ஈடு கேட்கலாம். ஆகவே செய்மதி கட்டும் கூட்டு முயற்சியொன்றில் பெருமைக்காக ‘எங்கள் செய்மதி’ என்று ஒப்பமிடுமுன், ஏவுவித்த நாடு யார், பதிவு செய்வது யார், காப்புறுதி யார் பெயரில் என்று கேட்க வேண்டும். பெருமை கூட்டாளிகள் எல்லோருக்கும், நட்டஈடு நமக்கு மட்டும் என்ற நிலை வந்துவிடலாகாது.

இந்த நான்கில் எதுவும் நியாயமற்ற கேள்வியன்று. நேர்மையான கம்பனி இவற்றை ஏற்கத் தயங்காது. மானியம் நின்ற பின் சேவை எவ்வாறு நிலைக்கும் என்று அதனுடைய அரசாங்கமே கேட்கும்போது, இவற்றை எழுதிய விண்ணப்பம் எழுதாத விண்ணப்பத்திலும் பலமானது என்பதே எமது அபிப்பிராயம்.

அரசாங்கத்தின் கடமை

தனி விரிவுரையாளரும் இளைப்பாறிய பொறியியலாளரும் வெள்ளிக்கிழமை மாலையிற் சட்டத்தரணியைத் தேடி அலைவதால் இந்தக் காரியம் நடக்காது. இது நாட்டின் காரியம். கொழும்பிலுள்ள அரசாங்கத்திடம் நாம் பெரும் செலவெதுவும் கேட்கவில்லை. மூன்றே மூன்று காரியங்களைக் கேட்கின்றோம்.

ஒன்று, இத்தகைய மானியங்களுக்கு அழைக்கப்படும் எந்தப் பல்கலைக்கழகமும் திணைக்களமும் பயன்படுத்தத்தக்க மாதிரி ஒப்பந்தமொன்று, மேலே சொன்ன நான்கு எல்லைகளோடு, மூன்று மொழிகளிலும் அச்சிடப்பட வேண்டும். கையில் அச்சிட்ட தாள் ஒன்று இருந்தால், ‘எமது அரசாங்க விதி இது’ என்று நம்மவர் நிமிர்ந்து சொல்லலாம். இரண்டு, சிறியதேயாயினும் நமது பங்கு நிதியொன்று வேண்டும். ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வைப்பவனுக்கே மேசையிற் கதிரை கிடைக்கின்றது. மூன்று, அந்நிதியும் அழைப்புகளும் தலைநகரத்தின் அலுவலகங்களோடு நின்றுவிடாமல், வெள்ளம் ஏறும் மாவட்டங்களுக்கும் அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கும் உரிய காலத்தில் எட்ட வேண்டும். முல்லைத்தீவின் குளத்தை அறிந்தவர் முல்லைத்தீவில் இருக்க, கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முன்பு கடிதம் அவரை அடைவதில் யாருக்கும் பயனில்லை.

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும், கமக்கார அமைப்புகளுக்கும், மீனவர் சங்கங்களுக்கும் நாம் சொல்வது இது. அடுத்த அழைப்பு நிச்சயம் வரும். வரும்போது மகிழ்ச்சியோடு வரவேற்போம். விண்ணப்பத்தை முழுவதும் அனுப்பும்படி கேட்போம். நான்கு எல்லையையும் வாசித்துப் பார்ப்போம். சரியென்று கண்டால் முழு மனத்தோடு ஒப்பமிட்டு முழு உழைப்பையும் கொடுப்போம். சரியில்லையென்று கண்டாற் பேனாவை மூடிவைப்போம்.

அந்தப் பெரியவர் இன்றும் மாரி தொடங்கினால் குளக்கட்டுக்குப் போகின்றார். நீர்மட்டத்தைப் பார்த்துத் தம் பழைய ஏட்டிலே எழுதிவைக்கின்றார். அந்த ஏடு அவரிடமே இருக்கின்றது. அதைத் திறப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த மானியத்தால் உருவாகும் வெள்ளப் படமும் அவ்வாறே நம் மக்கள் கையில் இருக்க வேண்டும். மழை பிடித்த இரவில் அதைத் திறப்பதற்கு எவரிடமும் கேட்டு நிற்கும் நிலை இனி வேண்டாம்.